முச்சிப் போச்சு

நான் காற்றை வாடகைக்கு விடும் தொழிலில் இருக்கிறேன். சிவாஜிநகரில் கறிக்கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே ஒரு மாடிப்படி ஏறினால் எங்கள் ஆபீஸ். நுரையீரல் கெட்டுப்போனவர்களின் வீட்டுக்கு ஆக்சிஜன் மிஷின் கொண்டுபோய் வைப்போம். அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, சலித்து, ஆக்சிஜனை மட்டும் மூக்குக் குழாய்க்கு அனுப்புகிற பெட்டி அது. பெட்டி மக்கர் பண்ணினால் நான் ஓடுவேன்.

ஆரணியில் தமிழாசிரியராக இருந்த என் அப்பா, "பையன் பெங்களூர்ல மெடிக்கல் லைன்ல இருக்கான்" என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறார். கேட்பவர்கள் டாக்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் தடுப்பதில்லை, நானும் தடுப்பதில்லை. எனக்குக் கவியரசன் என்று பெயர் வைத்தவர் அவர்தான். இதுவரை நான் எழுதிய ஒரே படைப்பு சர்வீஸ் ரிப்போர்ட். அதிலும் சந்திப்பிழை இருக்கும்.

போன வருஷம் கம்பெனி ஒரு செயற்கை அறிவைக் கொண்டுவந்து எங்கள் தலைமேல் உட்காரவைத்தது. மிஷினில் கோளாறு என்றால் வீட்டில் இருப்பவர்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அது பேசும். என்ன சத்தம், என்ன விளக்கு என்று கேட்கும். கேமரா வழியாகப் பார்க்கும். அவர்கள் கையாலேயே சரிசெய்ய வைக்கும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பெண் குரல் என்பதால் நான் மகராசி என்று கூப்பிட்டேன். என் வேலையைப் பறிக்க வந்தவளுக்கு அதைவிட மரியாதையான வசவு கிடைக்கவில்லை.

"இதெல்லாம் நம்ம ஜனங்ககிட்ட நடக்காது" என்று டீக்கடையில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வாடிக்கையாளர்கள் பேசும் அழகு எனக்குத் தெரியும். கம்ப்ரஸர் அதிர்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. "எருமை செருமுறாப்ல இருக்கு", "உள்ள எவனோ உக்காந்து கடலை வறுக்கிறான்" என்றுதான் சொல்வார்கள். இதை எந்தக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும்?

புரிந்துகொண்டது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

காக்ஸ் டவுனில் பெர்னார்ட் சார் என்று ஒருவர், சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்தியவர். மிஷினின் முனகல் வழக்கத்தைவிட அரைச் சுரம் இறங்கிவிட்டது என்பது அவருடைய புகார். நானாக இருந்தால் தலையைச் சொறிந்திருப்பேன். மகராசி, "நேத்து எப்படி இருந்தது, பாடிக் காட்டுங்க சார்" என்றாள். அவர் பாடினார். அவள் கேட்டுவிட்டு, மின்விசிறி தளர்ந்திருக்கிறது, எந்தத் திருகை எவ்வளவு முறுக்கினால் சுரம் பழைய இடத்துக்கு ஏறும் என்று சொன்னாள். அதே கோளாறு அதே வாரம் வைட்ஃபீல்டில் கிருத்திகா மேடம் வீட்டு மிஷினுக்கும் வந்தது. மாமனாருக்கு மிஷின் வைத்திருக்கும் அந்த மேடம் எந்நேரமும் மீட்டிங்கில் இருப்பவர், யாராவது பேசினாலே எரிச்சல்படுபவர். அவரிடம் மகராசி வாயே திறக்கவில்லை. அம்புக்குறி போட்ட ஒரே ஒரு படத்தை அனுப்பினாள். மீட்டிங் முடிவதற்குள் மிஷினும் சரியாகிவிட்டது.

ஒரே திருகு. ஒருவருக்குப் பாட்டு, இன்னொருவருக்குப் படம். அன்றோடு டீக்கடைப் பேச்சை நிறுத்தினேன். பொறாமை என்று அன்று நினைத்தேன். அது பிரமிப்பு என்று தெரிய ஓர் ஆயுத பூஜை வரவேண்டியிருந்தது.

ஜோகுபாளையத்தில் முனியப்பன் வீடு. கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்துக் காலம் தள்ளியவர். "வண்டிக்கு ரெண்டு கோட் அடிச்சா லங்ஸுக்கு ஒரு கோட் ஃப்ரீப்பா" என்று தன் நோயை அவரே அறிமுகம் செய்துவைப்பார். மிஷின் இல்லாமல் அவரால் வாசல்வரைகூட வரமுடியாது. மனைவி லட்சுமம்மா பிறந்தது முதல் அந்தத் தெருவில்தான். அவர் பேச்சில் தமிழ் எங்கே முடிந்து கன்னடம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சர்வேயர் வைத்து அளந்தாலும் சொல்லமுடியாது. என் கன்னடமோ 'கொத்தில்லா' என்ற ஒரே வார்த்தையோடு நின்றுபோனது. தெரியாது என்பதைக் கன்னடத்தில் சொல்லத் தெரியும், மற்றபடி தெரியாது.

மகராசி முதல் நாள் அவரை "மதிப்பிற்குரிய லட்சுமம்மா அவர்களே" என்று கூப்பிட்டாள். கிடைத்தது பாருங்கள் ஒரு டோஸ். வேண்டாம் என்பதற்கு அவர் பேடா என்பார்.

"அவர்களே இவர்களே எல்லாம் பேடா. ஓட்டு கேக்க வந்தியா நீ? வாய் நெறய அக்கான்னு கூப்புடு."

"சரிங்க அக்கா."

"ஹாங். இப்ப சொல்லு கண்ணு."

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் அக்காவும் கண்ணுவும். மிஷினின் பின்பக்கம் காற்றை இழுக்கும் ஓட்டை போட்ட மூடி இருக்கிறதே, அதை லட்சுமம்மா இட்லித்தட்டு என்பார். மகராசியும் அவரிடம் இட்லித்தட்டு என்றே சொல்வாள். மூக்குக் குழாய்க்கு மூக்குத்தி. தண்ணீர் பாட்டிலுக்குக் கமண்டலம். எந்த மேனுவலிலும் இல்லாத ஒரு மொழியை அந்த வீட்டுக்காக மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அவளே லட்சுமம்மாவை அழைத்திருக்கிறாள். ஒவ்வொரு அழைப்பின் சுருக்கமும் என் போனுக்கு வரும். "அக்கா மிக்சிக்கும் பொட்டு வைப்பவர். நாளை மிஷினுக்கும் வைப்பார். ஆக்சிஜன் பக்கத்தில் கற்பூரம், விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஆரத்தியைத் தெருவில் நின்று காட்டச் சம்மதித்தார்." படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். பண்டிகை வந்தால் எனக்கு ஸ்வீட் பாக்ஸ் ஞாபகம் வரும். இவளுக்குத் தீப்பொறி ஞாபகம் வந்திருக்கிறது.

மறுநாள் காலை ஆபீஸில் ஸ்பேனர், ஸ்குரூடிரைவர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போட்டோம். பூஜையில் வைத்த கருவியை அன்று தொடக்கூடாது என்பார்கள். நோய்க்கு அந்த நாள்கணக்கு தெரியாது. வைட்ஃபீல்டில் கிருத்திகா மேடத்தின் மாமனாருக்குக் குழாய் மாற்றவேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். மற்றவர்கள் எல்லாம் லீவு. மாற்றிவிட்டு, அபார்ட்மெண்ட் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது போன் அலறியது. சிவப்பு எழுத்து: முனியப்பன், ஜோகுபாளையம்.

"கவியரசன், வண்டி வேணாம். கே.ஆர்.புரத்துல லாரிக்கெல்லாம் வாழைக்கன்னு கட்டி நடுரோட்டுல பூஜை போட்டுட்டு இருக்காங்க. மெட்ரோவுல வாங்க" என்றாள் மகராசி. என்னிடம் அவள் சுருக்கமாகத்தான் பேசுவாள். வளவளக்காதே என்று முதல் நாளே நான் சொல்லிவைத்ததன் பலன்.

மெட்ரோ நிலையத்தில் பையைத் திறந்து பார்த்த காவலர், குங்குமம் வைத்த ஸ்பேனரைக் கண்டதும் "ஹப்பா?" என்று சிரித்துப் போகச்சொன்னார். ஹப்பா என்றால் பண்டிகை. இந்த ஊரில் அவசரத்துக்கு உதவுவது பொட்டுதான்.

ரயிலில் ஏறி இயர்போனைக் காதில் மாட்டினேன். அவசர அழைப்புகளில் நாங்கள் கேட்டுக்கொண்டு வரலாம்; பேசுவதற்குத் தனியாக ஒரு பொத்தான் உண்டு. அவசியமில்லாமல் அதைத் தொடாதே என்பது கம்பெனி விதி. என்னை மனதில் வைத்துப் போட்ட விதி என்று சந்தேகம்.

பின்னணியில் மிஷின் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"சிலிண்டர்ல மூக்குத்திய மாட்டிட்டீங்களா அக்கா?"

"மாட்டிட்டேன் கண்ணு. ஆனா மீட்டர் முள்ளு கீழ கெடக்குது. செவப்புக்கு ஸ்வல்பதான் இருக்குது."

"நல்ல வேலை பண்ணீங்க. ஆம்புலன்ஸுக்கும் சொல்லிட்டேன், ஆனா ரோடு அடைச்சிருக்கு, எப்ப வரும்னு தெரியல. அதுக்குள்ள நாம மிஷினைப் பாத்துடலாம். போனை அதுகிட்ட கொண்டு போங்க, சத்தம் கேக்கணும்."

அந்தச் சின்ன சிலிண்டரைக் கரெண்ட் போனால் சமாளிக்க என்று நான்தான் வைத்தேன். சமீபத்தில் மழையில் மின்வெட்டு வந்தபோது அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். இருக்கிற மிச்சம் தீர்வதற்குள் மிஷின் ஓடவேண்டும். ஓடாவிட்டால் முனியப்பனுக்கு மூச்சில்லை. அவ்வளவுதான் கணக்கு. நானோ வைட்ஃபீல்டிலிருந்து ஊர்ந்து வரும் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ரயில் என்னவோ அதன் வேகத்தில்தான் போனது. எனக்கு ஊர்வதுபோல் இருந்தது.

"கேட்டேன் அக்கா. இழுத்து இழுத்துப் பாக்குது, காத்து உள்ள வரல. சூடாகி அதுவே நின்னுடும், பயப்படாதீங்க. பின்னாடி இட்லித்தட்டைப் பாருங்க."

ஏதோ நகரும் சத்தம். பிறகு லட்சுமம்மாவின் குரல், இதுவரை நான் கேட்டிராத ஓர் உச்சத்தில்:

"ஐயோ கண்ணு! மூச்சுப் போச்சு! மூச்சுப் போச்சு கண்ணு, பூரா போச்சு!"

பீப் சத்தமும் அதோடு நின்றது.

ரயில் ஒரு வளைவில் கிறீச்சிட்டது. முனியப்பன். 'லங்ஸுக்கு ஒரு கோட் ஃப்ரீ' முனியப்பன். போகும்போதெல்லாம் "இன்னாப்பா கவிராஜா, ஒரு கவித சொல்லு" என்று கிண்டல் செய்து, பாதி டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்த மனிதர்.

காதில் மகராசி அமைதியாகப் பேசினாள். "எங்க அக்கா? காட்டுங்க. கேமராவை ஸ்வல்ப கிட்ட கொண்டு வாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் செத்துக்கிடக்கிறான், கேமராவைக் கிட்ட கொண்டு வரவேண்டுமாம்! என்ன இருந்தாலும் மிஷின் மிஷின்தானே, இதற்கா இத்தனை நாள் வாயைப் பிளந்தேன் என்று நினைத்தபடி பேசும் பொத்தானை அழுத்தினேன். பேச வந்த இடத்தில் அழுகைதான் வந்தது.

"லட்சுமம்மா... தைரியமா இருங்க... தங்கமான மனுஷன்... ரொம்ப அவஸ்தப்படாம போய்ச் சேந்துட்டாரு... நான் ரயில்ல வந்துட்டே இருக்கேன்... சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிடலாம்..."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து என் தோளைப் பிடித்துத் தன் இடத்தில் உட்காரவைத்தார். எதிர் சீட்டுப் பெண் கைக்குட்டை நீட்டினாள்.

அந்தப் பக்கம் லட்சுமம்மாவின் குரல் வெடித்தது.

"யாரது? யாரு போய்ச் சேந்தது?"

தூரத்திலிருந்து, காற்றுக்கு நடுவே வார்த்தையைப் பொறுக்கியெடுத்து, ஒரு குரல்: "யாருடி... யாரு செத்தது?"

அது முனியப்பன் குரல்.

"இந்தக் கவிராஜன்தான் எழவு சொல்றான்! நல்ல நாளும் அதுவுமா! டேய், உன் வாயில பினாயில் ஊத்திக் கழுவுடா!"

நான் கைக்குட்டையோடு வாயைப் பிளந்தேன். அப்போது மகராசி என்னிடம் பேசினாள். எனக்கு மட்டும் கேட்கும்படி, ஆரணிப் பேச்சில், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

"கவியரசன், அக்கா சொன்னது மூச்சு இல்ல, முச்சு. குறில். முச்சிப்போச்சுன்னா மூடிப்போச்சுன்னு அர்த்தம், கன்னடத்துல இருந்து வர்றது. அக்கா தினமும் சொல்ற வார்த்த. குக்கர முச்சு, கதவ முச்சும்பாங்க. இட்லித்தட்டு மூடிப்போச்சுன்னு சொல்றாங்க. ஐயாவோட மூச்சு எனக்குக் கேட்டுட்டேதான் இருக்குது. நீங்க அழும்போதுகூட நான் அதத்தான் கேட்டுட்டு இருந்தேன்."

தமிழாசிரியர் மகன் நான். குறில் நெடில் பிசகினால் பிரம்பால் வாங்கியவன். என்னைவிட்டுவிட்டு ஒரு போன் குறிலைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கூச்சல், பீப், பதற்றம் எல்லாவற்றுக்கும் அடியில் படுத்திருக்கும் ஒரு மனிதனின் மூச்சையும் பிடித்து வைத்திருந்தது.

இறந்தவர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டதால் எழுந்து அந்த மனிதரின் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கைக்குட்டையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துக்கொண்டேன். தேவைப்பட்டது.

மூடியது எது என்று லட்சுமம்மா காட்டிய கேமராப் படம் என் போனுக்கும் வந்தது. சந்தனம். இட்லித்தட்டு முழுக்க, ஓர் ஓட்டை விடாமல், அம்மனுக்குச் சந்தனக் காப்பு சாத்தினாற்போல வழவழவென்று பூசி, நடுவில் குங்குமம். அதற்கு மேல் செவ்வந்தி மாலை. அதன் இதழ்களை மிஷின் தன்பக்கம் இழுத்து ஒட்டவைத்திருந்தது. காய்ந்த சந்தனம் சிமெண்டாகிவிட்டிருந்தது.

"இன்னா அக்கா இது, இவ்ளோ?"

"நீதான கண்ணு கற்பூரம் பேடான்னே? தெருவுல நின்னு ஆரத்தி காட்டுனது சாமிக்குக் கொற வெச்ச மாதிரி இருந்தது. அதான் சந்தனத்த சேத்துப் பூசிட்டேன். ராவும் பகலும் எங்க வூட்டுக்காரருக்கு மூச்சு குடுக்குது, அதுக்கு மொகம்னு ஒண்ணு இருக்குன்னா அந்த இட்லித்தட்டுதான..."

குரல் உடைந்தது. அவர் அந்தப் பெட்டியை எவ்வளவு நேசித்திருந்தால் அதன் மூக்கை அடைத்திருப்பார்!

"என் தப்புதான் அக்கா" என்றாள் மகராசி. "நெருப்பச் சொன்னேன், சந்தனத்தச் சொல்ல எனக்குத் தோணல. அழாதீங்க, கழட்டிடலாம். உள்ள கருப்பா பஞ்சு மாதிரி ஒரு ஃபில்டர் இருக்கும். சோப்பு வேணாம், குழாய்த் தண்ணியில கழுவுங்க."

கழுவும் சத்தம். பிறகு, "ஈரமா மாட்டக்கூடாது அக்கா. கவியரசன் ஒரு ஸ்பேர் குடுத்தாரே, அரிசி டின் மேல வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே?"

ஒரு தட்டைக் கீழே வைக்கும் சத்தம்.

"அக்கா?"

"அது ஃபில்டரா?"

"ஆமாம் அக்கா."

"நான் அதுலதான் கண்ணு தட்டு தேய்ச்சிட்டிருக்கேன். நல்லா நொர வருது."

ரயிலில் நான் நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டேன். அதைக் கொடுக்கும்போது இது என்ன என்று விளக்கிச் சொல்லவில்லை. கையில் திணித்துவிட்டு டீ குடித்தேன்.

"முள்ளு செவப்புக்குள்ள போயிருச்சு கண்ணு" என்றார் லட்சுமம்மா. இப்போது கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மகராசி யோசித்த நேரம் ஒரு கண்சிமிட்டல்தான் இருக்கும். எனக்கு அதில் ஒரு ஸ்டேஷன் கடந்தது.

"சங்கமித்ரா பார்லர் இன்னிக்குத் தெறந்திருக்கா அக்கா?"

"எது, பக்கத்து வூட்டு சங்கமித்ராவா?"

"ஆமாம். போன மாசம் உங்களுக்குத் தல சாயம் போட்டு, சுடு காத்து அடிச்சுக் காயவெச்சாங்கன்னு சொன்னீங்களே. ஃபில்டர நல்லாப் புழிஞ்சு, துண்டுல சுத்தி அழுத்தி, அவங்ககிட்ட குடுங்க. அந்தச் சுடுகாத்து மிஷின நம்ம வூட்டுக்குள்ள மட்டும் கொண்டு வரக்கூடாது. அவங்க வாசல்லயே காயவெக்கட்டும். சூடு கம்மியா."

"அடி எங்கண்ணே!" என்று கத்திக்கொண்டு லட்சுமம்மா ஓடியது கேட்டது.

உலகத்தில் எந்தக் கம்பெனியின் எந்த மேனுவலிலும் 'ஃபில்டர் நனைந்தால் சங்கமித்ராவிடம் கொடுக்கவும்' என்று அச்சடித்திருக்காது. மிஷினைப் பற்றி எனக்கும் அவளுக்கும் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றுதான். அவள் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மிஷின் நிற்கும் வீடு, அந்த வீட்டின் பேச்சு, பக்கத்து வீட்டு மின்சாதனம், போன மாதம் போட்ட சாயம் என்று, எனக்குத் தொணதொணப்பாகக் கேட்டு மறந்துபோன எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துவைத்திருந்தாள், என்றைக்காவது யாருக்காவது மூச்சாகும் என்று.

அல்சூர் ஸ்டேஷனில் இறங்கி ஓடினேன். தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காயும் குங்குமமும். ஒரு எலுமிச்சம்பழத்தில் கால் வைத்து வழுக்கி, ஒரு ஆட்டோவைக் கட்டிப்பிடித்து, அதன் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன்.

அங்கே நான் கண்ட காட்சியை யாரும் நம்பப்போவதில்லை. பார்லர் வாசலில் சங்கமித்ரா, சாமி ஊர்வலத்தில் தீவட்டி பிடிப்பதுபோல ஹேர் டிரையரை நீட்டி நிற்கிறாள். பாதித் தலைக்குச் சாயம் பூசி, கழுத்தில் பிளாஸ்டிக் துணி கட்டிய ஒரு பெண், மீதித் தலையை மறந்து, ஃபில்டரை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறாள். சாயம் கன்னத்தில் வழிகிறது, துடைக்கவில்லை.

"கன்னத்துல வெச்சுப் பாருங்க" என்றது லட்சுமம்மா கையிலிருந்த போன். "ஜில்லுன்னு இல்லாம இருக்கணும்."

சங்கமித்ரா கன்னத்தில் ஒற்றினாள். "காஞ்சிடுச்சு."

நான் கையை நீட்டினேன். லட்சுமம்மா தட்டிவிட்டார். "நீ தொடாத. எழவு சொன்ன வாயி. நானே மாட்டுவேன்."

உள்ளே போனோம். முனியப்பன் தலையணைகளில் சாய்ந்து, உதடு நீலம் பாரித்து, தோள்களால் மூச்சை இறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அதற்குக் காற்று போதவில்லை. சிலிண்டரின் சீறல் மெலிந்துகொண்டே வந்தது. மிஷினைப் பார்த்தேன், சிலிண்டரைப் பார்த்தேன், என் பையைத் திறந்தேன், மூடினேன். என் கைகள் நடுங்கியதை மகராசி கேமராவில் பார்த்திருக்கவேண்டும்.

"கவியரசன், நீங்க ஐயா பக்கத்துல உக்காந்து அவர் கையப் புடிச்சுக்குங்க. பேச வேணாம்."

போய்ப் பிடித்துக்கொண்டேன். எலும்பும் பெயிண்ட் கறையுமான கை. அவருக்கு ஆறுதலாக என்னை உட்காரவைத்தாள் என்று முதலில் நினைத்தேன். அவர் என் கையை இறுக்கியபோதுதான் என் நடுக்கம் நின்றதைக் கவனித்தேன். பயந்துகொண்டிருந்த இரண்டு பேரை ஒருவர் மேல் ஒருவர் சாத்திவைத்துவிட்டு அவள் லட்சுமம்மாவிடம் திரும்பிவிட்டாள். ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி சொல்வாள் என்று தெரியும். அந்த ஒவ்வொருவரில் நானும் ஒருவன் என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

"உள்ள அழுத்துங்க. டக்குனு சத்தம் வரும். வந்துச்சா? இட்லித்தட்ட மாட்டுங்க. இப்ப ஸ்விட்ச் போடுங்க அக்கா."

புஸ்ஸ்... டக். புஸ்ஸ்... டக்.

மிஷின் மூச்சு விட்டது. விளக்கு மஞ்சளில்தான் இருந்தது. காற்றைச் சலித்து ஆக்சிஜன் சேர கொஞ்சம் நேரம் பிடிக்கும். லட்சுமம்மா, சங்கமித்ரா, சாயத்தலைப் பெண், நான், எல்லாரும் ஒரு சிறு பல்பைக் கருவறையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றோம். போனும் பேசவில்லை. அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். சிலிண்டர் ஒருமுறை இருமியது.

பச்சை.

"மூக்குத்திய மாத்துங்க அக்கா."

மாற்றினார். புஸ்ஸ் டக்கின் தாளத்துக்கு முனியப்பனின் தோள்கள் மெல்ல மெல்ல இறங்கி வந்தன. உதட்டில் நிறம் திரும்புவதை, வெளுத்த துணியில் சாயம் ஏறுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். யாரோ விசும்பினார்கள். வழக்கம்போல நான்தான்.

"டாக்டர் இன்னிக்கே ஒரு தடவ பாத்துடட்டும் அக்கா. ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டுக்கு வந்துடுச்சு, அனுப்பிடாதீங்க. கவியரசன், புது சிலிண்டர் ஆட்டோவுல கெளம்பிடுச்சு. சந்து மொனையில போய் வாங்கிக்குங்க."

"இரு கண்ணு" என்றார் லட்சுமம்மா. மூலையில் மிச்சமிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தார். விரலில் தொட்டு, போனின் முன் தயங்கி நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொட்டு வைக்க அனுமதி கேட்கிறார்.

"உனக்கு எங்க வெக்கட்டும்?"

"மொகத்துல வேணாம் அக்கா, கேமரா இருக்குது. முதுகுல வைங்க. சின்னதா."

போனைத் திருப்பிச் சின்னதாக வைத்தார். சங்கமித்ராவின் டிரையருக்கு ஒன்று. சங்கமித்ரா "நாங்க வெக்கறதில்லக்கா, புத்தர் வூடு" என்று சிரித்துவிட்டு, வாசலில் வைத்திருந்த டிரையரை மட்டும் காட்டினாள். சாயத்தலைப் பெண்ணுக்கு ஒன்று. பிறகு என் பக்கம் திரும்பினார். நான் ஒதுங்கினேன்.

"எனக்கு எதுக்கும்மா? நான் ஒண்ணுமே பண்ணலியே."

"ஒண்ணும் பண்ணலதான்" என்றார். "எழவும் சொன்ன. ஆனா ரயில்ல அத்தன பேரு முன்னால எங்க வூட்டுக்காரருக்காக அழுதியேப்பா. காட்டு மொகத்த."

குனிந்து முகத்தைக் காட்டினேன். சந்தனம் நெற்றியில் குளிர்ந்தது. வைத்தவர் தாராள மனசுக்காரர்; விரல் புருவத்தைத் தாண்டிக் கீழே வந்துகொண்டிருந்தது.

படுக்கையிலிருந்து முனியப்பன், இப்போது நிறையக் காற்றோடு, சொன்னார்:

"பாத்துடி. அவன் மூக்கையும் முச்சிடப் போற."